ஒரு விசையில் விழும் திகதி

பத்திரிகைத் தொழிலில் நீங்கள் முதலில் கற்றுக்கொண்டது என்ன என்று இளைய நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. செய்தி தேடுவது, தலைப்பிடுவது என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். உண்மையில் நான் முதலில் கற்றது திகதி எழுதுவதைத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கலைப்பீடத்தில் வரலாறு படித்த பட்டத்துடன் ஆசிரிய பீடத்துக்குள் நுழைந்தேன். அங்கிருந்த செய்தி ஆசிரியர், தாளின் மேல் மூலையில் திகதி இல்லாத பிரதியைக் கையில் எடுக்கவே மாட்டார். “நேற்று நடைபெற்றது” என்று எழுதிக் கொடுத்தால், “எந்த நேற்று? நீர் எழுதிய நேற்றா, வாசகன் வாசிக்கிற நேற்றா?” என்று கேட்டுத் திருப்பித் தருவார். இரவு எழுதி விடியலில் அச்சாகும் பத்திரிகையில் இந்த இரண்டு நேற்றுகளும் ஒன்றல்ல என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. இரண்டு ஆண்டுகள் வரலாற்று முறையியல் படித்தும் விளங்காதிருந்த ஒன்றை அவர் ஒரு கேள்வியில் புரியவைத்தார்.

பின்னர் கணினி வந்தது. திகதி எழுதும் வேலை ஒரு விசைக்குள் அடங்கிவிட்டது. விண்டோஸ் கணினியில் உள்ள நோட்பேட் என்னும் எளிய எழுதுகருவியில் எஃப்5 விசையை அழுத்தினால், அந்தக் கணத்தின் நேரமும் திகதியும் வந்து விழும். கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளியும் அதை ஒட்டி ‘லொக்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளிலும் இட்டுச் சேமித்துவிட்டால், அக்கோப்பை எப்போது திறந்தாலும் கடைசி வரியில் அன்றைய நேரமும் திகதியும் தாமாகவே பதிவாகிவிடும். பல ஆண்டுகளாக என் நாட்குறிப்பு இந்த வழியில்தான் வளர்ந்தது.

ஆனால் இந்த வசதிக்குள்ளும் சில பொறிகள் உண்டு. நோட்பேட் திகதியை எழுதும் ஒழுங்கு, கணினியில் எந்த நாட்டு வழக்கம் தெரிவுசெய்யப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க ஒழுங்கில் விடப்பட்ட கணினி மாதத்தை முன்னே வைக்கும். பிரித்தானிய வழக்கத்தில் வளர்ந்த நாம் நாளை முன்னே வைப்போம். ‘04/05/2009’ என்று ஒரு பழைய குறிப்பில் கண்டால் அது ஏப்ரல் 5ஆ, மே 4ஆ? வேறொரு ஆண்டாக இருந்தால் விட்டுவிடலாம். 2009இன் ஏப்ரலுக்கும் மேக்கும் இடையிலான நாள்கள் எத்தகையவை என்பதை இதை வாசிக்கும் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

மைக்ரோசொப்ட் வேர்டில் வேறொரு பொறி. அல்ட், ஷிஃப்ட் விசைகளுடன் ‘டி’ எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் திகதி விழும். ஆனால் அது எழுதப்பட்ட திகதி அன்று. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒரு புலம். சென்ற ஆண்டு எழுதிய கடிதத்தை இன்று அச்சிட்டால் இன்றைய திகதியுடன் வெளிவரக்கூடும். கடிதத்துக்கு அது ஒரு சிறு சங்கடம். சாட்சியத்துக்கோ அது பேராபத்து.

நொக்ஸின் சனிக்கிழமை

வரலாறு படித்தவனுக்கு இவ்விசைகளின் உண்மையான சுவை தெரிய வந்தது ஈமாக்ஸ் என்னும் எழுதுகருவியில்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்பதுகளின் நடுப்பகுதியில் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. அதற்குள் ஒரு நாட்காட்டி இருக்கிறது. அதை எழுதியவர் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் கணினியியல் கற்பித்த எட்வர்ட் ரைன்கோல்ட். நாட்காட்டிகளின் கணிதத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு அத்துடன் நிற்கவில்லை. நாக்கும் டெர்ஷோவிட்ஸ் என்பவருடன் சேர்ந்து உலக நாட்காட்டிகளின் கணிப்புமுறைகள் பற்றிய பெருநூலொன்றை 1997இல் வெளியிட்டார்.

ஈமாக்ஸின் நாட்காட்டியைத் திறந்தால் மூன்று மாதங்கள் திரையில் விரியும். புள்ளி விசையை அழுத்தினால் எங்கிருந்தாலும் இன்றைக்குத் திரும்பலாம். ‘ஜீ’, ‘டி’ என இரு எழுத்துகளை அடுத்தடுத்து அழுத்தி, விரும்பிய ஆண்டு, மாதம், நாளைக் கொடுத்தால் அங்கே போய் நிற்கும். ‘பி’ எழுத்தை அழுத்தி அதன்பின் வேறொரு எழுத்தை அழுத்தினால், அதே நாள் யூத நாட்காட்டியில் என்ன, இஸ்லாமிய நாட்காட்டியில் என்ன, பாரசீகத்தில், எத்தியோப்பியாவில், மாயர்களிடத்தில், பிரெஞ்சுப் புரட்சியாளர் வகுத்த நாட்காட்டியில் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். எங்கள் தமிழ்ப் பஞ்சாங்கம் அந்தப் பட்டியலில் இல்லை என்ற குறை எனக்கு உண்டு.

இக்கருவி கைக்கு வந்ததும் நான் செய்த முதற் சோதனை றொபேட் நொக்ஸ் பற்றியது. இலங்கை வரலாறு படித்தவர்கள் இவரை அறிவர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் தந்தையுடன் வந்து, 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டவர். பத்தொன்பதரை ஆண்டுகள் மலைநாட்டில் கழித்த பின், தோழர் ஒருவருடன் காடு கடந்து தப்பி, மன்னார்ப் பகுதியில் ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலில், தாம் கோட்டையை அடைந்தது 1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணியளவில் என்று எழுதியிருக்கிறார்.

அந்தத் திகதியை ஈமாக்ஸிடம் கொடுத்தேன். அது புதன்கிழமை என்றது.

பத்தொன்பது ஆண்டு சிறையில் மனிதன் கிழமையை மறந்துவிட்டான் போலும் என்று முதலில் நினைத்தேன். அப்படி எழுதியிருந்தால் பெரும் பிழை செய்திருப்பேன். அடுத்து, யுனிக்ஸ் கணினிகளில் 1971ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலிருந்தே உள்ள ‘கால்’ என்ற சிறு கட்டளையிடம் அதே மாதத்தைக் கேட்டேன். அது சனிக்கிழமை என்றது. ஒரே கணினி, ஒரே திகதி, இரண்டு கிழமைகள்.

விடை 1582இல் இருக்கிறது. பழைய ஜூலியன் நாட்காட்டி சூரியனை விட்டு விலகிக்கொண்டிருந்ததால், பாப்பரசர் பதின்மூன்றாம் கிரெகரி அதனைத் திருத்தினார். அவ்வாண்டு ஒக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் ஒக்டோபர் 15 வெள்ளிக்கிழமை என ஆனது. பத்து நாள்கள் தாவப்பட்டன. கிழமைகளின் ஓட்டம் மட்டும் அறுபடவில்லை. கத்தோலிக்க நாடுகள் பலவும் ஒல்லாந்தும் விரைவிலேயே புதிய கணக்குக்கு மாறின. பாப்பரசரின் ஆணையை ஏற்க விரும்பாத இங்கிலாந்து 170 ஆண்டுகள் பொறுத்திருந்தது. அதற்குள் வேறுபாடு பதினொரு நாளாக வளர்ந்துவிட்டது. 1752 செப்டெம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டெம்பர் 14 வியாழக்கிழமை எனப் பிரித்தானியா மாறியது. ‘கால்’ கட்டளையிடம் அந்த மாதத்தைக் கேட்டால், 2இன் பக்கத்தில் 14ஐ இட்டு, பத்தொன்பது நாள் கொண்ட ஒரு மாதத்தைக் காட்டும்.

ஆகவே, ‘கால்’ ஆங்கிலேயரின் வரலாற்றைப் பின்பற்றி 1752க்கு முந்தியதைப் பழைய கணக்கில் காட்டுகிறது. ஈமாக்ஸோ கிரெகரியின் கணக்கையே அது பிறப்பதற்கு முந்திய காலத்துக்கும் நீட்டிச் செல்கிறது. நொக்ஸ் ஆங்கிலேயர், அவர் எழுதியது பழைய கணக்கு. ஈமாக்ஸில் ‘ஜீ’, ‘ஜே’ என அழுத்தி, இது ஜூலியன் திகதி என்று சொல்லி அதே நாளைக் கொடுத்தால், சுட்டி ஒக்டோபர் 28இல் போய் நிற்கிறது. அது சனிக்கிழமைதான்.

நொக்ஸ் சொன்ன கிழமை சரியே. அரிப்புக் கோட்டையின் வாசலில் ஆங்கிலேயனுக்கு ஒக்டோபர் 18 ஆக இருந்த அதே பிற்பகல், கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தனின் கணக்கில் ஒக்டோபர் 28. வாசலைக் கடந்ததும் பத்து நாள் முன்னே போய்விட்டார். இருவரும் ஒப்புக்கொள்ளக் கூடியதாக இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான்.

ஏழு நாள் இல்லாத வாரங்கள்

ஆயினும், கிழமைகளை நம்பலாம் என்று இலங்கையர் நிம்மதி அடைவதற்கில்லை. ஈமாக்ஸுடன் சேர்ந்து வரும் ஓர்க் மோட் என்னும் வசதி, வேலைகளையும் திகதிகளையும் ஒழுங்குபடுத்த உதவுவது. அதை 2003இல் தொடங்கியவர் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர். அதில் கொன்ட்ரோலுடன் ‘சீ’யை அழுத்தி, பிறகு புள்ளியை அழுத்தினால் திகதி கேட்கும். கூட்டல் குறியும் 3உம் இட்டால் மூன்று நாளுக்குப் பின். கூட்டல் குறி, 2, வாரத்தைக் குறிக்கும் எழுத்து என இட்டால் இரண்டு வாரத்துக்குப் பின். கிழமைப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைக் கொடுத்தால் அடுத்து வரும் அக்கிழமையைத் தானே கண்டுபிடித்து எழுதும்.

வாரம் என்றால் ஏழு நாள் என்ற எண்ணம் அதற்குள் ஊறியிருக்கிறது. உலகம் முழுவதும் அப்படித்தானே என்பீர்கள். 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் அலுவலக வாரம் அப்படி இருக்கவில்லை. டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா நாள்களை வார விடுமுறையாக்கியது. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை. சந்திரன் மனிதரின் ஏழு நாள் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஆகையால் ஒரு விடுமுறைக்கும் அடுத்த விடுமுறைக்கும் இடையிலான கணக்கு சில வாரங்களில் ஆறு நாளாகவும் சிலவற்றில் எட்டு நாளாகவும் வந்தது. கிறிஸ்தவர்கள் ஞாயிறு பூசையை முடித்துக்கொண்டு வேலைக்கு ஓடினார்கள். வெளிநாட்டு வங்கிகள் திறந்திருந்த நாளில் எங்கள் வங்கிகள் மூடியிருந்தன. 1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் சனி, ஞாயிறு விடுமுறையை மீண்டும் கொண்டுவந்தது.

அக்காலத்துக் கடிதமொன்றில் ‘வார விடுமுறைக்கு வருகிறேன்’ என்று கண்டால், எந்த நாள் என்பதை ஓர்க் மோட் சொல்லாது. ஈமாக்ஸ் நாட்காட்டியில் பெரிய ‘எம்’ எழுத்தை அழுத்தினால் அமாவாசை, வளர்பிறை அரைநிலா, பூரணை, தேய்பிறை அரைநிலா நான்கும் வரிசையாக வரும். அந்த ஐந்து ஆண்டுகளின் வாரங்களை ஓரளவு மீட்டெடுக்க அது உதவும். ஆனால் வர்த்தமானி எந்த நாளைப் போயா என்று குறித்ததோ அதுவே விடுமுறை. வானம் சொல்வதும் அரசாங்கம் சொல்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

பழைய நேரம், புதிய நேரம்

இதற்குப் பின்னர் நடந்தது என் சொந்த வாழ்வோடு தொடர்புடையது.

1996இல் மழை பொய்த்தது. நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு மின்வெட்டில் மூழ்கியது. மாலை வெளிச்சத்தைச் சேமிக்கலாம் என்று, மே 24 நள்ளிரவில் அரசாங்கம் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருந்த நாடு ஆறரைக்குப் போனது. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே வந்து ஆறில் நின்றது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அப்படியே இருந்து, 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. அங்கே கடிகாரம் ஐந்தரையிலேயே ஓடியது. ஒரே தீவில் பத்து ஆண்டுகள் இரண்டு நேரங்கள். ‘பழைய நேரமோ, புதிய நேரமோ?’ என்பது எம்மவர் நாள்தோறும் கேட்ட கேள்வி.

1999இல் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் இரவுப் பணியில் இருந்தேன். வன்னியில் ஷெல் விழுந்து ஒருவர் இறந்த செய்தி தொலைநகலில் வந்தது. இரவு 11.45 மணி என்று இருந்தது. அது பழைய நேரம் என்பது எனக்குத் தெரியும். கொழும்பு வாசகனுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற தொழிற் பெருமிதத்தில் அரை மணித்தியாலத்தைக் கூட்டி, ‘நள்ளிரவு 12.15’ என்று திருத்தினேன். நள்ளிரவு கடந்துவிட்டதால் திகதியையும் அடுத்த நாளாக மாற்றினேன். கணக்கில் பிழையில்லை. புதிய நேரம் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் போடாமல் விட்டதே பிழை.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, சமாதான காலத்தில் வீதி திறந்திருந்தபோது, அந்த மனிதரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். கையில் மடித்து மடித்து நைந்துபோன எங்கள் பத்திரிகை நறுக்கு ஒன்று. கிராம சேவையாளரின் கடிதம் இன்னொன்று. கடிதத்தில் ஒரு திகதி, நறுக்கில் மறுநாள் திகதி. நட்டஈட்டு விண்ணப்பத்துடன் இரண்டையும் இணைத்துக் கொடுத்தபோது, ஓர் அலுவலகத்தில் இருந்தவர் ஒரு மனிதன் இரண்டு நாளில் சாக முடியுமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

“பேப்பர்க்காரர் பிழையா எழுத மாட்டினம் எண்டு சொல்லீனம் தம்பி. அப்ப நான்தான் பொய் சொல்லுறனோ?” என்றார்.

“இல்லை அம்மா. பேப்பர்ல மாத்தினது நான்தான்” என்றேன். அதைச் சொல்ல எனக்குச் சிறிது நேரம் எடுத்தது.

பழைய நேரம், புதிய நேரம், அரை மணித்தியாலம், நள்ளிரவு என்று எல்லாவற்றையும் விளக்கி, பத்திரிகையின் கடிதத் தாளில் ஒரு கடிதம் எழுதினேன். செய்தி ஆசிரியர் கையொப்பம் இட்டார். கடிதம் எழுதி முடிக்கும்வரை அந்த அம்மா பொறுமையாக இருந்தார். புறப்படும்போது, “திகதி ரெண்டாப் போனாலும் ஐயர் பாத்துத் தந்த திதி ஒண்டுதான் தம்பி. அந்தத் திதியிலதான் ஆட்டைத் திவசமும் செய்தனாங்கள்” என்று சொன்னார்.

எத்தனையோ தடவை அதை எண்ணிப் பார்த்திருக்கிறேன். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான தூரத்தின் கணக்கு. அமைச்சரவை கடிகாரத்தைத் தள்ளுவதால் சந்திரன் நகர்வதில்லை. எங்கள் பஞ்சாங்கங்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. வாக்கியமும் திருக்கணிதமும் புத்தாண்டு பிறக்கும் வேளையை வேறுவேறாகக் குறிப்பதை ஒவ்வொரு சித்திரையிலும் காண்கிறோம். ஆனால் அவை தம்மை இன்ன பஞ்சாங்கம் என்று முதற் பக்கத்திலேயே சொல்லிக்கொள்கின்றன. நான் திருத்திய செய்தி தன் கணக்கைச் சொல்லிக்கொள்ளவில்லை.

கணினியின் நினைவு

உலகக் கணினிகளுக்கெல்லாம் நேர மாற்றங்களைச் சொல்லித்தரும் ஒரு பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. எண்பதுகளில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. பின்னர் போல் எக்கர்ட் என்பவரின் பொறுப்பில் வளர்ந்தது. ‘ஆசியா/கொழும்பு’ என்ற வலயத்தின் கீழ் 1996இன் இரு மாற்றங்களும் 2006இன் மாற்றமும் தனித்தனி வரிகளாக அதில் உள்ளன. புலிகளின் பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை என்ற செய்திக் குறிப்பும் அக்கோப்பின் ஓரத்தில் இடம்பெற்றுள்ளது. ஆனால் அது மனிதர் வாசிப்பதற்கான குறிப்பு. கணினி அதைத் தாண்டிப் போய்விடும். வன்னிக்கென்று தனி வலயம் இல்லை. 1999இல் வன்னியில் நடந்த ஒன்றின் உள்ளூர் நேரத்தைக் கணினியிடம் சரியாகப் பெற வேண்டுமானால், ‘ஆசியா/கொல்கத்தா’ என்று இந்தியாவின் வலயத்தைக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் மரணமொன்றின் நேரத்தை அறிய வங்காளத்து நகரொன்றின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மேலே புகழ்ந்த ஓர்க் மோட்டின் திகதி முத்திரையில் நேர வலயத்தைக் குறிக்க இடமே இல்லை. நோட்பேட்டின் எஃப்5உம் அதைச் சொல்வதில்லை. எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே கடிகாரத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்ற நம்பிக்கையில் இவை செய்யப்பட்டுள்ளன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருந்து ஒரே மரண அறிவித்தலை வாசிக்கும் எம்மவர்க்கு அந்த நம்பிக்கை பொருந்தாது.

இப்போது நான் கைக்கொள்ளும் பழக்கங்கள் எளியவை. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கிலேயே திகதியை இடுகிறேன். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்னும் சர்வதேச ஒழுங்கு அது, குழப்பத்துக்கு இடமில்லை. வாசகருக்கு எழுதும்போது மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுகிறேன். நேரம் எழுதினால் யாருடைய நேரம் என்பதையும் எழுதுகிறேன். பழைய ஆவணத்தின் திகதியைத் திருத்துவதில்லை. அதில் உள்ளபடியே தந்துவிட்டு, என் கணக்கை அருகில் தனியே வைக்கிறேன். நொக்ஸின் ஒக்டோபர் 18ஐ 28 என்று மாற்றி எழுதும் உரிமை எனக்கில்லை. வன்னியின் 11.45ஐ மாற்றும் உரிமையும் அன்று எனக்கு இருக்கவில்லை.

போர்க்காலத்து நாட்குறிப்புகளையும் நிழற்படங்களையும் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கும் இளையவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு விசையை அழுத்தித் திகதி இடும்போது, அந்த விசைக்குப் பின்னால் ஒரு பாப்பரசரும் ஒரு நாடாளுமன்றமும் ஒரு மின்வெட்டும் ஒரு போரும் நிற்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மூலத்தில் உள்ள திகதியை அழித்துவிட்டுச் சரியானதை எழுதாதீர்கள். இரண்டையும் வையுங்கள்.

அந்த அம்மாவின் விண்ணப்பம் பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகத் தெரிந்தவர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் எழுதிய கடிதத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் மேல் மூலையில் திகதியைக் கையால்தான் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ‘புதிய நேரம்’ என்றும் எழுதியிருக்கிறேன். ஒரு கடிதத்தின் திகதிக்கு அப்படி எழுதத் தேவையே இல்லை. அன்று அதை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.